யானை மேல் ஒரு வெள்ளைக்கொடி

செஞ்சியிலிருந்து விசாகப்பட்டினம் வரை, போரில் போக்குக் காட்டியவர்களும் அதற்கு விலை கொடுத்தவர்களும்

1750 டிசம்பர். மார்கழி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. செஞ்சிக் கோட்டையிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பிய பிரெஞ்சுப் படை, விடிவதற்குள் ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங்கின் பாளையத்துக்குள் புகுந்துவிட்டது. வந்தவர்கள் ஐரோப்பியர் 800 பேர், சிப்பாய்கள் 3,000 பேர், கூடவே பத்து பீரங்கிகள். எதிரே மைல் கணக்கில் கூடாரங்கள். யானையும் குதிரையும் ஒட்டகமும் கடைத்தெருவுமாக ஒரு பட்டணமே பெயர்ந்து வந்து இறங்கியதுபோன்ற தண்டு அது. அந்த வருஷத்து அடைமழையில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே சிக்கி, தீனி கிடைக்காமல், சேற்றில் வாரக்கணக்காகக் கிடந்திருந்தது.

தளபதி லா தூஷின் ஆட்கள் பீரங்கியை முன்னே தள்ளிச் சுட்டுக்கொண்டே போனார்கள். நிஜாமின் ஆட்களும் லேசில் விடவில்லை. மணிக்கணக்கில் சண்டை நடந்தும் பாளையம் தீர்ந்தபாடில்லை. பொழுது வெளுத்தபோது தூரத்தில் இன்னொரு பெரும்படை வரிசை கட்டி நிற்பது தெரிந்தது. குதிரையும் காலாளுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் ஆட்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போதுதான் அந்த வரிசையின் நடுவே ஒரு யானை தெரிந்தது, அதன் மேல் பெரிய வெள்ளைக்கொடி ஒன்றும் தெரிந்தது. அவ்வளவுதான், ஆரவாரம் எழும்பியது. சண்டை முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளைக்கொடி என்றதும் சரணாகதி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரச வம்சத்தின் நிறமே வெள்ளைதான். புதுச்சேரியில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே, நிஜாமின் கூடவே வந்திருந்த கடப்பை, கர்நூல், சவனூர் பட்டாணிய நவாபுகளோடு மாதக்கணக்கில் ரகசியக் கடிதம் நடத்தி, பேசி வைத்த அடையாளம் அது. 'கொடியைக் கண்டால் சுடாதே, நாங்கள் உன் பக்கம்' என்பது அதன் பொருள்.

நாசிர் ஜங் கடைசி வரை நம்பவில்லை. குடித்துவிட்டு வந்த சில பரங்கியரின் பைத்தியக்காரத்தனம் என்றே நினைத்தார். தன் நவாபுகள் ஏன் அசையாமல் நிற்கிறார்கள் என்று கேட்கக் கோபத்தோடு யானையேறிப் போனார். அரையிருட்டில் தன்னை அடையாளம் தெரியவில்லையோ என்று அம்பாரியில் எழுந்து சலாம் வைத்தார். பதிலுக்கு வந்தது துப்பாக்கிக் குண்டு. சற்று நேரத்தில் அவர் தலை ஈட்டி முனையில் ஏறியது.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. 2025 ஜூலையில், 'மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதே வருஷம் மே, ஜூன் மாதங்களில் உலகம் முழுக்கப் பேச்சு போர்த்தந்திரத்தைப் பற்றியே இருந்தது. மே 7-ம் தேதி நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை என்று அறிவிப்பு வந்தது, நம் கல்பாக்கம் உள்பட. அந்தத் தேதி பிறந்து ஒரு மணி நேரம் கழிந்ததுமே பாகிஸ்தான் மேல் 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதல் நடந்து முடிந்துவிட்டது. ஒத்திகைக்கு நாள் குறித்ததே எதிரியின் கண்ணைக் கட்டத்தானா என்று டீக்கடை வரை விவாதம் போனது. ஜூன் 1-ல் உக்ரைன், லாரிகளில் ஏற்றிய மரக் கூண்டுகளுக்குள் ட்ரோன்களை ஒளித்து ரஷ்யாவின் உள்நாட்டு விமானத் தளங்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அதே மாதம் அமெரிக்கா சில பி-2 குண்டுவீச்சு விமானங்களைப் பசிபிக் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்பிவிட்டு, ஏழு விமானங்களைச் சத்தமில்லாமல் எதிர்த் திசையில் ஈரானுக்கு அனுப்பியது.

கெட்டிக்காரத்தனத்தை எல்லோரும் வியந்தார்கள். தந்திரம் பலித்த மறுநாளிலிருந்து என்ன ஆகிறது என்பதைப் பேசினவர்கள் குறைவு. அதைப் பார்க்க உக்ரைன் வரை போக வேண்டாம். திண்டிவனத்துக்குத் தெற்கே ஓமந்தூரை நடுவில் வைத்து வரைபடத்தைப் பாருங்கள். மேற்கே செஞ்சி, வடக்கே வந்தவாசி, தெற்கே புதுச்சேரி, பக்கத்திலேயே பெருமுக்கல் மலைக்கோட்டை. எல்லாம் குதிரைக்கு ஒரு நாள் தூரத்துக்குள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே தண்டு போகாத ஏரிக்கரை இல்லை.

மூன்று சத்தியங்கள், மூன்று தலைகள்

செஞ்சி சதி வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு சத்தியம் உடைந்திருந்தது. நிஜாம் பட்டத்துக்குப் போட்டியிட்ட தன் சகோதரி மகன் முசாபர் ஜங்கை, சரணடைந்தால் ஒன்றும் செய்ய மாட்டேன் என்று குர்ஆன் மேல் ஆணையிட்டு வரவழைத்தார் நாசிர் ஜங். வந்தவனுக்கு விலங்கு மாட்டினார். நடுவே நின்று வாக்குக் கொடுத்தவர்கள் இதே பட்டாணிய நவாபுகள்தான். அவர்கள் பேச்சு காற்றில் போனது. டூப்ளேயின் கடிதம் அவர்கள் கையில் சுலபமாக வேலை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த டிசம்பரிலேயே நாசிர் ஜங், டூப்ளே கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டு சமாதான ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருந்தார். 'தாக்காதே, நிறுத்து' என்று புதுச்சேரியிலிருந்து போன உத்தரவு லா தூஷ் கைக்குச் சேர்வதற்குள், சதிகாரர்களின் அழைப்பு அவரிடம் சேர்ந்துவிட்டது. டூப்ளே ஒரே நேரத்தில் இரண்டு குதிரைகளின் மேல் பந்தயம் கட்டியிருந்தார். எது முந்தினாலும் லாபம் அவருக்கே.

லாபமும் வந்தது. விலங்கோடு கிடந்த முசாபர் ஜங் அன்றைக்கே நிஜாம் ஆனார். புதுச்சேரியில் கோலாகலமாகப் பட்டம் சூட்டு விழா நடந்தது. டூப்ளேக்கு வழுதாவூர்க் கோட்டை ஜாகீராகக் கிடைத்தது. கொலை நடந்த இடத்துப் பக்கம் 'டூப்ளே பதேயாபாத்' என்று தன் பெயரில் ஒரு வெற்றி நகரையே எழுப்ப ஆரம்பித்தார். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், அந்த நாட்களில் புதுச்சேரி எப்படித் திளைத்தது என்று பார்க்கலாம்.

திளைப்பு இரண்டு மாதம் தாங்கவில்லை. 1751 பிப்ரவரியில் புது நிஜாம் ஐதராபாத்துக்குப் போகும் வழியில், கடப்பைச் சீமையில், அதே மூன்று நவாபுகளும் திரும்பினார்கள். எஜமானைக் காட்டிக்கொடுத்ததற்குப் பேசிய கூலி போதவில்லை. அந்தக் கலகத்தில் சவனூர் நவாபும் கர்நூல் நவாபும் செத்தார்கள், கடப்பைக்காரர் காயத்தோடு ஓடினார். முசாபர் ஜங் தலையில் ஈட்டி பாய்ந்து மாண்டார். கூடப் போன தளபதி புஸ்ஸி, கையிலிருந்த இன்னொரு வாரிசைத் தூக்கி உட்காரவைத்துச் சமாளித்தார். டூப்ளே பதேயாபாத்தை 1752-ல் ராபர்ட் கிளைவ் இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே வருஷம் லா தூஷ், 700 வீரர்களோடு பிரான்சிலிருந்து திரும்பி வரும்போது 'பிரின்ஸ்' என்ற கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து எரிந்ததில் மாண்டார்.

மூன்றாவது சத்தியம் நம்ம ஸ்ரீரங்கத்தில் உடைந்தது. 1752 ஜூனில் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போராடிய சந்தா சாகிப் முற்றுகையில் சிக்கினார். காரைக்காலுக்குப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன் என்று தஞ்சைத் தளபதி மானோஜி கத்தி மேல் கைவைத்து ஆணையிட்டார். நம்பி வந்தவருக்கு விலங்கு, பிறகு வெட்டு. தலை எதிரி முகம்மது அலிக்குக் காணிக்கையாகப் போனது.

இதிலிருந்து 'துரோகம் செய்தவன் நிலைக்க மாட்டான்' என்று நீதி எடுக்க வேண்டாம். வரலாறு அப்படியெல்லாம் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 1757-ல் வங்காளத்தில் வணிகர் ஓமிசந்தை ஏமாற்ற ஒப்பந்தத்தையே இரண்டாக எழுதியவர் கிளைவ். நிஜமானது வெள்ளைத் தாளில், பொய்யானது சிவப்புத் தாளில். பொய்த் தாளில் கையெழுத்திட அட்மிரல் வாட்சன் மறுக்க, அவர் கையெழுத்தையும் போட்டுவிட்டார்கள். பின்னாளில் நாடாளுமன்ற விசாரணையில் கிளைவ் இதற்காகக் கொஞ்சமும் கூசவில்லை. அவருக்குக் கிடைத்தது பிரபு பட்டம்.

நம்பி வந்தவனை வெட்டுகிற பழக்கத்தால் வேறொன்று நடக்கிறது. அடுத்த போரில் யாரும் சரணடையத் துணிவதில்லை, சரணடைய வருபவனை யாரும் நம்புவதுமில்லை. தமிழர்களுக்கு இது பழங்கதை அல்ல. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் வெள்ளைக்கொடியோடு வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு, ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை வரை போனது. இலங்கை அரசு மறுத்தே வந்திருக்கிறது.

பெட்டிச் செய்தி: செஞ்சி கைமாறிய கதை

1677: பிஜாப்பூரிடமிருந்து சிவாஜி கைக்கு.

1689: மகன் ராஜாராம், முகலாயர் கண்ணில் மண்ணைத் தூவி, யாத்திரிகர் வேடத்தில் மகாராஷ்டிரத்திலிருந்து செஞ்சி வந்து சேர்ந்தார்.

1698: எட்டு வருஷ முற்றுகைக்குப் பின் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் பிடித்தார். அதற்கு முன்பே ராஜாராம் நழுவிவிட்டார். தளபதியே வழிவிட்டார் என்று அப்போதே பேச்சு.

1714: ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு நேருக்கு நேர் மோதி தேசிங்கு ராஜா மடிந்தார்.

1750 செப்டம்பர்: புஸ்ஸி கோட்டை வாசலை வெடிவைத்துத் தகர்த்து, மூன்று குன்றுகள் மேலும் இரவிலேயே ஒருசேர ஏறினார். விடிந்ததும் அந்தப் பாறைகளைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்களே மலைத்தார்களாம். ராஜகிரி உச்சிக்கு முன்னால் பாறையே பிளந்து கிடக்கும் பள்ளத்தின் மேல், அன்று இருந்த ஒரே மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே போக வழியே இல்லை. இருட்டுதான் அவர்களுக்குத் துணை.

1761: ஆங்கிலேயர் வசம்.

கவனித்தீர்களா? இத்தனை பேரில் ஊர் ஊராகக் கதைப்பாட்டுப் பாடியது தேசிங்கு ராஜாவை மட்டும்தான். எந்தச் சூழ்ச்சியும் செய்யாமல், சின்ன வயதில், குதிரையோடு பாய்ந்து தோற்றவர். டூப்ளேயின் இரவுக்குப் பாட்டுக் கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

போக்குக் காட்டியவர்கள்

துரோகம் வேறு, போக்குக் காட்டுவது வேறு. 1751 ஆகஸ்டில் திருச்சியில் முகம்மது அலி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, கிளைவ் திருச்சிப் பக்கமே போகவில்லை. 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டுக்குப் போனார். இடி மின்னலோடு கொட்டிய மழையில் அந்தச் சின்னப் படை நிற்காமல் நடந்து வருகிறது என்று கேட்டே கோட்டைக் காவலர்கள் பயந்து ஓடினார்கள். தலைநகர் போனதும் சந்தா சாகிப் திருச்சி முற்றுகையிலிருந்து 4,000 பேரைப் பிய்த்து மகன் ராசா சாகிப்போடு அனுப்ப வேண்டியதாயிற்று. கிளைவுக்கு வேண்டியது அதுதான். ஐம்பது நாள் முற்றுகையில் அடைபட்டுக் கிடந்தார், திருச்சி பிழைத்தது.

1759 நவம்பரில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஆற்காட்டைத் தாக்கப்போவதுபோல் நகர்ந்து, இன்னொரு படையை வைத்து வந்தவாசியைப் பிடித்தார். இரண்டு மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதே பாடத்தைத் திருப்பிப் படித்தார். காஞ்சிபுரம் பக்கம் போக்குக் காட்டி, ஊரைச் சூறையாடி, அங்கிருந்து வந்தவாசிக்குத் திரும்பினார். காஞ்சியில் அவர் தேடியது ஆங்கிலேயர் வைத்திருந்த அரிசி. அது கிடைக்கவில்லை. கிடைத்தது சுமார் 2,000 மாடுகள், அவற்றை ஓட்டிக்கொண்டு போனார். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் லாலி தோற்றதும், மார்ச்சில் பெருமுக்கல் மலையேறிப் பிடிக்கப்போய் கூட் முழங்காலில் குண்டடி பட்டதும், அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அந்த 2,000 மாடுகள் இல்லை. தளபதிக்கு அது ஒரு நாள் வேலை. குடியானவனுக்கோ ஏர் பூட்ட மாடில்லாத வருஷம்.

இந்த வட்டாரத்தின் மிகத் துணிச்சலான ஏமாற்று எது என்று என்னைக் கேட்டால், 1780 ஆகஸ்ட் வந்தவாசியைச் சொல்வேன். மைசூரின் ஹைதர் அலி மலையிறங்கி வந்துவிட்டார். வந்தவாசிக் கோட்டையின் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், ஆற்காட்டு நவாபின் ஆள். கோட்டையை ஹைதருக்கு விட்டுக்கொடுக்கப் பேசி முடித்திருந்தார். லெப்டினன்ட் பிளின்ட் என்ற இளம் அதிகாரி வெறும் நூறு சிப்பாய்களோடு வாசலில் வந்து நின்றார். 'இன்னும் ஓரடி வைத்தால் சுடுவோம்' என்று சேதி வந்தது. நவாபின் கடிதம் கொண்டுவந்திருக்கிறேன், கில்லேதார் கையில்தான் கொடுப்பேன் என்றார் பிளின்ட். சரி, நான்கு பேரோடு மட்டும் வா என்றார்கள்.

உள்ளே ஜமக்காளம் விரித்துக் கில்லேதார் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மெய்க்காவலர்கள், அப்பால் வரிசையாகச் சிப்பாய்கள். குசலம் விசாரித்து முடித்ததும் பிளின்ட், கடிதமெல்லாம் இல்லை, எங்கள் சர்க்கார் உத்தரவுதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கில்லேதார் சிரித்துவிட்டு, வந்த வழியே போ என்றார். வழியெல்லாம் ஹைதரின் குதிரைகள், எப்படிப் போவது என்று பேச்சை வளர்த்தார் பிளின்ட். வளர்த்துக்கொண்டே எட்டிக் கில்லேதாரைப் பிடித்துவிட்டார். நான்கு சிப்பாய்களின் துப்பாக்கிக் கத்திகளும் அவர் நெஞ்சில் பதிந்தன. ஒருவன் கை உயர்ந்தாலும் இவர் பிணம் என்றார். காவலர்கள் திகைத்து நின்ற நேரத்தில் வெளியே நின்ற மற்றவர்கள் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். ஹைதரின் படை சுற்றி வளைத்தும் கோட்டையைக் கடைசி வரை பிளின்ட் கைவிடவில்லை.

ஹைதரும் சளைத்தவர் இல்லை. அந்த செப்டம்பரில் பொள்ளிலூர் பக்கம் நின்ற கர்னல் பெய்லிக்கு உதவிப்படை கொண்டுபோன கர்னல் பிளெட்சருக்கு வழிகாட்டியவர்களே ஹைதரிடம் சம்பளம் வாங்கியவர்கள். சந்தேகப்பட்ட பிளெட்சர் வேறு வழியில் போய்த் தப்பினார். மறுநாளே, செப்டம்பர் 10-ல், பெய்லியின் படையோடு சேர்ந்து அவர் படையும் அழிந்தது. வழிகாட்டியை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி வந்துவிட்டால், ஊரில் வழி சொல்லும் ஒவ்வொருவனும் ஒற்றன்தான். இரு பக்கமும் அடி வாங்குவது அவன் முதுகு.

அதற்கும் மேலே, எதிரிக்கு ஒரு மணி தானியம்கூடக் கிடைக்கக் கூடாது என்று சென்னையைச் சுற்றி ஊர்களை வளையமாக எரித்தது ஹைதரின் படை. ஆடுமாடுகளை ஓட்டிப் போனது. அடுத்த இரண்டு வருஷம் பஞ்சம். பிழைக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றச் சென்னையில் 1782-ல் மணியக்காரர் சத்திரம் தொடங்கியது. பின்னாளில் அதிலிருந்து வளர்ந்ததுதான் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி', இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெட்டிச் செய்தி: நான்காவது புகைபோக்கி

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய ஜெர்மானியக் கப்பல் எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். கேப்டன் முல்லர் கித்தானும் மரமும் வைத்து நான்காவதைக் கட்டி, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரியவைத்தார். அக்டோபர் 28-ல் இந்த வேடத்தில்தான் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தார். சென்னையில் விழுந்த குண்டுகளால் போன உயிர்கள் சொற்பம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். அடிபட்டது பிரிட்டிஷ் சர்க்காரின் பேர்.

காய்கறி ஆர்டரும் ஒரு தந்தியும்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் கையில் இருந்த பெரிய சொத்து விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். கொதிகலனில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி நவம்பர் 14-ல் கராச்சியிலிருந்து கிளம்பியிருந்தது பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி. வங்காள விரிகுடாவில் காஸி வந்துவிட்டது என்பது எப்படித் தெரிந்தது? நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும் மட்டுமே பயன்படும் ஓர் எண்ணெயைப் பற்றிச் சிட்டகாங்குக்குப் போன செய்தியை ஒட்டுக்கேட்டதில்.

சென்னையில் இருந்த விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாக நாடகம் போட்டார் கிருஷ்ணன். ஓய்வுக்குக் காத்திருந்த பழைய போர்க்கப்பல் ராஜ்புத்தை வெளியே அனுப்பி, விக்ராந்த்போல வயர்லெஸ்ஸில் பேசவைத்தார். விசாகப்பட்டினத்துக் காண்ட்ராக்டர்களிடம் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சி, காய்கறி ஆர்டர் கொடுத்தார், கடைத்தெரு பேசட்டும் என்று. விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி தன் தாயாரின் உடல்நலம் கேட்பதுபோல ஒரு சாதாரணத் தந்தியும் போனது. ரகசியச் சங்கேதம் எதுவும் இல்லாமல், யாரும் படிக்கும்படி. ராணுவ மூளையைவிட இதில் ஊர்க்கார மூளை அதிகம்.

டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவு தாண்டி விசாகப்பட்டினத் துறைமுக வாய்க்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். 90-க்கும் மேற்பட்டோரோடு காஸி மூழ்கிவிட்டது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் வெடிகளால் என்று இந்தியா சொன்னது, தன் கண்ணிவெடியாலோ உள்ளே ஏற்பட்ட வெடிப்பாலோ என்று பாகிஸ்தான் சொன்னது. அது இன்னும் தீராத வழக்கு.

இதிலும் ஒன்றை யாரும் சொல்வதில்லை. விசாகப்பட்டினத்தில் விக்ராந்த் இருக்கிறது என்று நம்பவைப்பது, எதிரியின் நீர்மூழ்கியை ஒரு நகரத்தின் வாசலுக்கு அழைப்பதுதான். காய்கறி ஏற்றிய காண்ட்ராக்டரும், விடிந்ததும் கடலில் மிதந்த உயிர்காப்புச் சட்டையைக் கரைக்குக் கொண்டுவந்த மீனவரும், தாங்கள் தூண்டில் புழுவாக இருந்தது தெரியாமலேயே இருந்தார்கள். கிருஷ்ணன் செய்தது சரியில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஊரைக் கேட்டுச் செய்யவில்லை. கேட்டுச் செய்தால் அது தந்திரமும் இல்லை.

பெட்டிச் செய்தி: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

1907 ஹேக் உடன்படிக்கை போர்த்தந்திரத்தை அனுமதிக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-ல் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறையின் 37-வது பிரிவு கோட்டைத் தெளிவாகப் போடுகிறது.

செய்யலாம்: மறைந்து நிற்பது, பொம்மை டாங்கி வைப்பது, பொய்யான நகர்வு காட்டுவது, பொய்த் தகவல் பரப்புவது.

செய்யக் கூடாது: எதிரியின் நம்பிக்கையைச் சட்டப் பாதுகாப்பின் பெயரால் பெற்று அவனைக் கொல்வது. சரணடைவதுபோல நடிப்பது, காயம்பட்டவன்போல நடிப்பது, சாதாரணக் குடிமகன் வேடம், ஐ.நா. சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவது எல்லாம் இதில் சேரும்.

இந்தியா 1949 ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்று 1960-ல் தனிச்சட்டமே இயற்றியது. 1977 நெறிமுறையில் மட்டும் சேரவில்லை.

ஓமந்தூரார் காலத்துப் 'போலீஸ் நடவடிக்கை'

நாசிர் ஜங்கின் வம்சத்துக் கடைசி நிஜாம் ஐதராபாத்தை இந்தியாவோடு சேர்க்க மறுத்தபோது, சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை அவர்தான். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். மாகாணத்தின் வடக்கு எல்லை ஐதராபாத்தை ஒட்டியது. நிஜாமுக்கு ஆதரவான ஆயுதக் குழுவான ரசாக்கர்களின் அட்டூழியத்துக்குப் பயந்து எல்லை தாண்டி வந்த அகதிகளை இந்த மாகாணம் பார்க்க வேண்டியிருந்தது.

1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் டாங்கிகளோடும் விமானங்களோடும் ஐதராபாத்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் முடிந்தது. ராணுவம் வைத்த பெயர் 'ஆபரேஷன் போலோ'. உலகத்துக்குச் சொன்ன பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. ஐதராபாத் அதற்கு முந்தின மாதமே ஐ.நா. பாதுகாப்பு சபையின் கதவைத் தட்டியிருந்தது. போர் என்றால் இரண்டு நாடுகளின் விவகாரம், போலீஸ் என்றால் வீட்டுக்குள் சங்கதி. பெயரே போக்குக் காட்டியது.

ஐதராபாத் இணைந்ததில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நாட்டுக்கு நடுவே இன்னொரு நாடு நின்றிருக்க முடியாது. ஆனால் படை நுழைந்த பிறகு மராத்வாடாவிலும் தெலங்கானாவிலும் முஸ்லிம் குடும்பங்கள் மேல் நடந்த கொலைகளை விசாரிக்க நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தது 27,000-லிருந்து 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2013-ல். போலீஸ் நடவடிக்கையில் எப்படி இத்தனை பேர் சாவார்கள் என்று கேட்கவே ஆள் இல்லாமல் போனதற்கு, அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு. எதிரிக்கு விரித்த திரை நம் கண்ணை 65 வருஷம் மறைத்தது.

குறி யார் மேல்?

1750-ல் ஏமாற வேண்டியவர் ஒரே ஒருவர், நாசிர் ஜங். 1971-ல் காஸியின் கேப்டனும் கராச்சியில் இருந்த சில அதிகாரிகளும். இப்போது குறி விரிந்துவிட்டது.

2025 மே 8 இரவு என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? கராச்சித் துறைமுகம் எரிகிறது என்றார்கள். இந்தியப் படை எல்லை தாண்டிவிட்டது என்றார்கள். சைரன் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டு வடக்கத்திச் செய்தி சேனல்கள் சில மணிக்கணக்கில் கத்தின. நம் வாட்ஸ்அப் குரூப்புகளில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் காட்சிகள் போர்க் காட்சிகளாக ஓடின. விடிந்தபோது கராச்சித் துறைமுகம் இருந்த இடத்தில் இருந்தது. ஒரு சேனல் மட்டும் வருத்தம் தெரிவித்தது. அந்தப் பக்கமும் இதே கூத்துதான், மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு நாளெல்லாம் மறுப்புப் போட்டுக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் தளபதிகள் யாரும் நம் டி.வி. பார்த்து ஏமாறவில்லை. ஏமாந்தது இங்கே ரிமோட்டைப் பிடித்திருந்தவர்கள்.

அன்று ராத்திரி தூங்காதவர்களில் பெரும்பங்கு, பிள்ளை எல்லையில் இருக்கும் வீடுகள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் இருக்கின்றன. திண்டிவனம், செஞ்சி கிராமங்களிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் 'படை உள்ளே போய்விட்டது' என்ற ஒரு வரி என்ன செய்திருக்கும்? கிருஷ்ணன் பரப்பிய கடைத்தெருப் பேச்சுக்கு ஒரு முடிச்சு இருந்தது. போட்டவருக்கு அவிழ்க்கவும் தெரியும். இதற்கு முடிச்சுப் போட்டவர் யார் என்றே தெரியாது. மறுநாள் வந்த மறுப்பும், முதல் பொய் போன அத்தனை குரூப்புகளுக்கும் போய்ச் சேரவில்லை.